மூன்றாம் பத்தி

சுவரொட்டியில் எங்கள் பெயர் எறும்பளவு.
அதற்கு மேலே, ஆனை அளவில்:
முன்னாள் மாங்கனீஸ் பாய்ஸ் கிதார்!
அந்த 'முன்னாள்' என்ற சொல்லைக்கூட
மடிப்பு விழும் இடத்தில் அச்சடித்திருந்தான்
வெருலம் அச்சகக்காரன்.
பத்மநாதன் படையாச்சி ஒன்றும் சொல்லவில்லை.
பசை வாளியை என் கையில் கொடுத்துவிட்டு
அடுத்த கம்பத்துக்கு நடந்தான்.

அங்கே ஒன்பது வருஷம் அவன் பெயர் பேடி.
லண்டன் மேடையில் பேடி,
ஜோகன்னஸ்பர்க் வானொலியில் பேடி,
இசைத்தட்டின் பின்னட்டையில், நன்றிப் பட்டியலில்,
சாப்பாடு கொண்டுவந்தவருக்கு அடுத்தபடி,
பேடி.
தமிழில் அது வேறு சொல் என்று
அவன் அம்மா ஒருமுறை சொன்னாளாம்.
சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லையாம்.

ஏன் விலகினான் என்பதற்கு
ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். பெண், பணம், குடி.
என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:
'என் ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள்.
ஒருநாள் அது அணைந்தே கிடந்தது.
கடைசிவரை வாசித்தேன்.
ஒருத்தருக்கும் தெரியவில்லை.'

சாட்ஸ்வர்த்தில், என் மாமாவின் டயர் கடைக்குப் பின்னால்
நாங்கள் நான்கு பேர்.
உம்லாசியிலிருந்து இரண்டு டாக்சி மாறி
பேஸ் கிதாரைத் தூக்கிவரும் சிபுசிசோ.
பாட்டுக்கு லோஷினி;
பல் மருத்துவரிடம் வேலை, நாள் முழுக்க
மற்றவர் வாயைத் திறக்கச் சொல்வாள்.
டிரம்ஸ் நான். பகலில் பஞ்சர்.
பெயருக்காக மூன்று வாரம் சண்டை போட்டோம்.
கூரையிலிருந்து இறங்கிய குரங்கு
சிபுசிசோவின் கால் ரொட்டியை,
உள்ளே அடைத்த பீன்ஸ் குழம்போடு
பிடுங்கிப் போன அன்று
ஒரே மனதாக முடிந்தது:
கால் ரொட்டி.

பிறகுதான் அந்தக் கடிதம்.
கடலைப் பார்த்த அலுவலகம், கனத்த தாள்.
மூன்றாம் பத்தி:
கீழ்க்கண்ட பதினான்கு பாடல்களையோ
அவற்றுள் அடையாளம் காணத்தக்க எப்பகுதியையுமோ
மேற்படியார் பொதுவில் வாசிக்கலாகாது.

ஆறாவது பாட்டின் தொடக்கம், பதினொரு சுரம்.
கால்பந்து மைதானத்தில் அதைத்தான் கத்துகிறார்கள்.
பற்பசை விளம்பரத்தில்கூட வந்தது.
மெரேபாங்கில், எண்ணெய் ஆலையின் தீ
குளியலறைக் கண்ணாடியில் ஆட,
கைக்குழந்தை விழித்துவிடும் என்று
ஒயரைச் சொருகாமல்
ஈரத் தரையில் உட்கார்ந்து
மேற்படியார் கண்டுபிடித்தது.

டோங்காட். பள்ளி மைதானம்.
கரும்புக் காட்டுக்குத் தீ வைத்த வாரம்.
கருஞ்சாம்பல் சுருள் சுருளாக
சிம்பலில் இறங்கும், அடித்தால் எழும்பும்,
மறுபடி இறங்கும்.
எட்டுப் பாட்டும் முடிந்தது.
கைதட்டினார்கள், மரியாதைக்கு.

அப்போது பின்வரிசையில் யாரோ
வாயாலேயே தொடங்கினான்.
அதே பதினொன்று.
பிறகு அந்த வரிசை, பிறகு மைதானம்,
ஐஸ்கிரீம் வண்டிக்காரன்கூட
கரண்டியால் தாளம் போட்டுக்கொண்டு.

பத்மநாதனின் உள்ளங்கை
ஆறு தந்தி மேலும் படுத்துக் கிடந்தது.
முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.
டிரம்ஸ்காரனுக்கு எல்லோரும் முதுகுதான்.

நான் குச்சியை உயர்த்தினேன்:
கடிதத்தில் டிரம்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டினான், வேண்டாம்.
மைக் அருகே போனான். தொண்டையைச் செருமினான்.

'ஏழாவது சுரம்,' என்றான்,
'இன்னும் ஒரு மயிரிழை மேலே.'

ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு மறுபடி எடுத்தார்கள், முதலிலிருந்து.
ஏழாவது ஏறி உட்கார்ந்தது.

வேனில் திரும்பும்போது சிபுசிசோ
பெட்ரோலுக்குச் சில்லறை எண்ணினான்.
லோஷினி தூங்கிவிட்டாள், வாய் திறந்தபடி.
'நாலாவது பாட்டில் ஓடுகிறாய்,' என்றான் பத்மநாதன்.
என்னைத்தான்.
காதுக்குள் இருந்த சாம்பலைச் சுண்டுவிரலால் தோண்டிக்கொண்டே
சரி என்றேன்.